நாலு அங்குல ஒட்டு

என் தங்கை வீட்டுக்காரர் எறும்புக்குக்கூட இடுப்பு அளந்து கால்சட்டை தைப்பார். சரி, எறும்பு கொஞ்சம் அதிகம்தான். பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். தையற்கடைக்காரர். தெருவில் அவருக்கு அரையங்குலம் என்று பெயர். அந்த அரை அங்குலத்தைக்கூட அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அதுவே கடைக்கு வினையாக வந்தது. ஒருநாள் கணக்கு வாத்தியாரின் இடுப்பை அளந்துவிட்டு, முப்பத்தெட்டு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். முப்பத்திநாலுதான் என்றார் வாத்தியார். இவர் சும்மா இருந்திருக்கலாம். மூன்று தடவை அளந்து, மூன்றாம் தடவை டேப்பை அவர் மூக்கருகே நீட்டிக் காட்டினார். வாத்தியார் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அங்கே அவர் கேட்ட அளவுக்கே தைத்தார்கள். வகுப்பில் சாக்பீஸ் பொறுக்கக் குனிந்தபோது அது கிழிந்தது. வாத்தியார் துணியைத்தான் திட்டினார்.

இப்படி ஒவ்வொருவராகக் கழன்று, கடையில் ஓட்டுவதற்கு ஈகூட இல்லை. மெஷினை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்ததும் தங்கை ஒரு வேலை செய்தாள். டேப்பின் முனையில் அதே நிறத்தில் நாலு அங்குலம் வெறும் நாடாவை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். ஒட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அளந்தால் முப்பத்தெட்டு, முப்பத்திநாலாகத் தெரியும். வெட்டும்போது நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டியது.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார்.

"நீங்க எதுக்குச் சொல்றீங்க? டேப் சொல்லட்டும்."

வாத்தியார் திரும்பி வந்தார். கால்சட்டை கச்சிதம். அவர் சொல்லிச் சொல்லியே கடையில் கூட்டம் சேர்ந்தது. அரையங்குலத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை வாத்தியார் வந்ததும் ஒட்டைப் பிரித்துக் காட்டி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். உள்ளே தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் பரிவோடு அவர் தோளைத் தட்டினார்.

"மாஸ்டர், வயசானா எல்லாருக்கும் வர்ற தடுமாற்றம்தான். போன தடவை நீங்க முப்பத்திநாலு வச்சுத் தச்ச பேன்ட்தான் இப்ப போட்டிருக்கேன். தொளதொளன்னுகூட இருக்கு. அப்புறம் எப்படி முப்பத்தெட்டு?"

அரையங்குலம் துணியை வாங்கி வைத்துவிட்டு, பிரித்த ஒட்டை மறுபடி தைக்கச் சொல்லித் தங்கையிடம் கொடுத்தார்.

இடுப்பளவில் போய் மனிதர்களுக்கு இத்தனை வீம்பு ஏன் என்று எனக்கு விளங்கியதே இல்லை. இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"அக்கா, அந்த ஒட்டு வாத்தியாருக்காகத் தச்சது இல்ல. உனக்காகத்தான். ஜாக்கெட் அளவைச் சத்தமா சொல்லிட்டாருன்னு நீ மூணு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரலையே."