காலடி படாத தோட்டம்

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் குழந்தைகள் விளையாடிய மணல் திடலை ஜப்பானியத் தோட்டமாக மாற்ற, குடியிருப்போர் சங்கம் ஒருவரை அழைத்து வந்தது. நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஜப்பானில் மலைகளை மையால் வரைந்து, தோட்டங்களும் அமைத்த ஒரு துறவியைத்தான் அவர் தன் குரு என்பார். மணலை அள்ளிவிட்டு வெண்சரளை பரப்பினார். பின்னோக்கி நடந்தபடியே சீப்புபோல் பல் வைத்த மரவாரியால் அதில் அலைபோன்ற கோடுகள் கீறுவார். அவருடைய காலடி ஒன்றுகூட மிஞ்சாது.

வேலை முடிந்த மறுநாள், நடை பழகிக்கொண்டிருந்த என் மகள் கையை உதறிவிட்டு அந்த அலைகளுக்குள் இறங்கிவிட்டாள். பதறிப்போய்த் தூக்கினேன்.

“சாரி சார், அவ நடந்து பழகின இடம்.”

“பரவால்லம்மா. எங்க குரு படத்துல மனுஷங்க எறும்பு சைஸ்லதான் இருப்பாங்க. இவ்ளோ பெரிய கால் இங்க செட் ஆகாது.”

“பெரிய காலா? ஒன்றரை வயசு சார் அவளுக்கு! பசங்க வேற எங்க விளையாடுவாங்க?”

“இது பாக்குற இடம்மா,” என்று சிரித்தார். பிறகு குனிந்து அவளுடைய தடங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாக அழித்தார்.

அந்தத் தோட்டத்தை இப்போது யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மகள் கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறாள். எந்த வண்டி பின்னோக்கி வந்தாலும் ஓடிப்போய்த் தூக்குகிறேன். சங்கத்தில் புகார் சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றும். என்னவென்று சொல்வது? அவர் எங்களிடம் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசவில்லையே.