நெருப்பில் காட்டாத மேளம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பத் தப்பு மேளம் அடிப்பவன் நான்தான். பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பிய என் கூட்டாளிக்கோ அந்தச் சத்தம்தான் எமன். முதல் அடி விழுந்ததும் வரிசை வீடுகளான லயத்தை விட்டு ஓடி, தேயிலைக்குள் தண்ணீர் போக வெட்டிய கானில் குப்புறப் படுத்துக்கொள்வான். சேறும் அட்டையுமாக அவன் எழுந்து வரும்போது, "பட்டாளத்துக்காரரு பயந்துட்டாரு" என்று லயமே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரனுக்காகக் குண்டுகளுக்கு நடுவே கிடந்தவனுக்கு, கடல் கடந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளை என்பதால், இந்த நாட்டில் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்திருந்த காலம் அது. சிரிக்க இவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? அடிக்கிறவனும் நானாக இருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் எரியும்.

ஒரு அடைமழைக் காலத்தில் அவனுடைய அம்மா இறந்துபோனார். அவன் ஒரே மகன். குழியில் முதல் மண்ணை அவன்தான் போட வேண்டும். தப்பு இல்லாமல் பிணம் எடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அடித்தால் அவன் நிற்கமாட்டான். காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒன்று செய்தேன். மலைப் பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறைக் கொளுத்தி, அந்த நெருப்பில் காட்டினால்தான் தப்பு கணீரென்று பேசும். நான் காட்டாமலே தோளில் மாட்டி அடித்தேன். தொப் தொப் என்றது.

அவனுடைய தாய்மாமன் சீறினார். "என்னடா, நனைஞ்ச சாக்கையா அடிக்கிற? எங்கக்கா என்ன அநாதப் பொணமா?"

பாடைக்குப் பக்கத்திலிருந்த கூட்டாளி எழுந்து வந்து, தப்பை என் தோளிலிருந்து கழற்றினான். அடுப்படியில் கிடந்த மிலாறைக் கொளுத்தித் தானே காட்டினான். நெருப்புக்கு ரொம்பக் கிட்டே பிடித்ததில் தோல் பொசுங்கிவிடுமோ என்று பயந்தேன்.

"வேணாம் மச்சான். நீ ஓடிட்டா யாரு மண்ணு போடுறது?"

"எங்கம்மாவ இப்பிடியா அனுப்புவ? நல்லா அடி. நான் உன்னையப் புடிச்சுக்கிறேன்."

அடித்தேன். அவன் உடம்பு தூக்கிப்போட்டது. பின்னாலிருந்து என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மயானம் வரைக்கும் இறக்கம். வழியில் ஒவ்வொரு கானைக் கடக்கும்போதும் சட்டை இழுபட்டு என் தொண்டையை இறுக்கியது. அழுகை வந்தது. ஆனாலும் அடியைக் குறைக்கவில்லை.

குழியருகில் மேளத்தை இறக்கி வைத்தேன். "மண்ணப் போடுப்பா" என்றார் மாமன். அவனால் பிடியை விட முடியவில்லை. நான் பொத்தானைக் கழற்றி, சட்டையிலிருந்து நழுவித் திரும்பினேன். அவனுடைய வலது கை விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு பிடி மண்ணை வைத்தேன். இடது கையில் என் சட்டையோடுதான் அவன் அம்மாவுக்கு மண் போட்டான்.