மூடிய ஷெட்டில் ஓடிய கார்

என் கணவர் தன் பழைய டீசல் காரை மெக்கானிக்கிடம் விட்டதே இல்லை. சேலையூர் வீட்டு ஷெட்டில் ஆயில், ஃபில்டர் எல்லாம் அவரே மாற்றுவார். சும்மா நின்றால் பேட்டரி போய்விடுமென்று, காலையில் ஷட்டரை ஏற்றிவிட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்.

அவர் இறந்த பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இன்ஜின் சத்தம் கேட்டாலே அவர் வீட்டில் இருப்பதுபோலத் தோன்றி அழுகை வந்துவிடும். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமென்று ஷட்டரை இறக்கிவிட்டு, அவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் புகை நெஞ்சை அடைத்தது. தலை சுற்றியது, கார் கதவைத் திறக்கக்கூடக் கை எழவில்லை. ஷட்டருக்கு அடியில் புகை வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஓடிவந்து, ஷட்டரைத் தூக்கி என்னை வெளியே இழுத்தாள்.

“என்னக்கா இது! ஷட்டரைத் திறந்து வெச்சிருக்கக் கூடாதா?”

“அழுறதை எல்லாரும் பார்ப்பாங்களேம்மா.”

“பார்த்தா பார்க்கட்டுங்க்கா” என்றவள் தானும் அழுதுவிட்டாள்.

இப்போதும் தினமும் வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன், ஷட்டரை முழுக்க ஏற்றிய பிறகுதான். நேற்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, “இந்தச் சத்தம் கேட்டா சார் இருக்கிற மாதிரியே இருக்கும்மா” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் எதிரிலேயே அழுதேன்.