மேடையேறாத தண்ணீர் கேன்

போன வியாழக்கிழமை நான் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியபோது, டூட்டியில் இருக்க வேண்டிய அப்பா இங்கே வளைகுடாவில், ரூவியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "செல்வராசு போயிட்டான்மா. லீவுக்குப் போன இடத்துல மாரடைப்பு" என்றார்.

சாலையோரப் பூச்செடிகளுக்குத் தண்ணீர்க் குழாய் பதிப்பது செல்வராஜ் மாமாவின் வேலை. அந்தக் குழாய் வேலையாட்களுக்கு அப்பா மேற்பார்வையாளர். கோடை நண்பகலில் வெளியில் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த ஓய்வு நேரத்தில்தான் அவர்களின் பழைய பாட்டுக் குழு பிறந்தது. அப்பா ஆர்மோனியம், யாழ்ப்பாணத்து யோகன் மாமா பாட்டு, செல்வராஜ் மாமாவுக்குக் காலியான தண்ணீர் கேன். எங்கே தட்டினால் கனத்த ஒலி, எங்கே மெல்லியது என்று சிவப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். "தோல் வாத்தியம் இந்தப் புழுக்கத்துல தொய்ஞ்சு போகும். இது அசையாது பாப்பா" என்பார்.

இந்த இரங்கல் கூட்டத்தில் இருக்கும் நீங்கள் எல்லோரும் வந்திருந்த பொங்கல் விழாவில் நான்தான் அறிவிப்பாளர். முன்வரிசையில் என் வகுப்புத் தோழிகள். திரைக்குப் பின்னால் அவர் கேனுடன் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கூசியது. "மாமா, இது மேடைக்கு நல்லா இருக்காது" என்று சொல்லி, நடனக் குழுவிடம் ஒரு தபேலாவை இரவல் வாங்கிக் கொடுத்தேன்.

அவர் கேனை ஒருமுறை பார்த்தார். "பாப்பா படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதல் பாட்டிலேயே தாளம் பிசகி, பாதியில் நிறுத்தினார்கள். அரங்கம் சிரித்தது. தோழிகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

காரில் திரும்பும்போது அப்பா கேட்டார்: "ஏன்டா கேனை விட்ட?"

"கீறல் விட்டுருச்சுண்ணே."

"அண்ணை, கேனுக்குச் சுகமில்லையாம்!" என்றார் யோகன் மாமா. "செல்வம், இனி உமக்கு வாளிதான்."

மூவரும் சிரித்தார்கள். கீறலே இல்லாத கேன் டிக்கியில் உருண்டுகொண்டிருந்தது. செல்வராஜ் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அறிவிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். இறங்கும்போது அவர் சொன்னார்: "பாப்பா, உன் தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு."

அதன்பின் அவர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. செல்வராஜுக்கு மேடையில் கை வராது என்றீர்கள். அப்பாவும் அதை நம்பினார். அது உண்மையில்லை. நேற்று அப்பாவிடம் சொன்னேன், இன்று உங்களிடம் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டியவரிடம் சொல்லவில்லை.

அன்றைய அறிவிப்புத் தாள் என்னிடம் இருக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல எழுதிய "தண்ணீர் கேன்: செல்வராஜ்" என்பதில் முதலிரண்டு சொற்களை அடித்துவிட்டு, மேலே "தபேலா" என்று எழுதியிருக்கிறேன். அவசரத்திலும் ஸ்கேல் வைத்துத்தான் அடித்திருக்கிறேன். கோடு மிக நேராக இருக்கிறது.