கதவுக்கு வெளியே இருந்தவள்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் நான் தாதியாக இருந்தபோது அவர் அடிக்கடி வருவார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். நல்ல உயரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசுவார். மூன்றாவது பிரசவத்தில் மனைவி செத்துப் பிழைத்ததால், அவரே முன்வந்து கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். காயம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் வலிக்கிறது என்பார்.

ஒருநாள், மனைவி குழந்தையோடு கதவுக்கு வெளியே காத்திருக்க, கேட்டார்: “மிஸ்ஸி, இந்தத் தைப்பூசத்துக்கு நான் காவடி தூக்கலாமா?”

“தாராளமா தூக்கலாம்ண்ணே. காயந்தான் ஆறிடுச்சே.”

“அதில்ல மிஸ்ஸி. ஒடம்புல கொறை உள்ளவன் தூக்கலாமா? நான் இன்னும் முழு ஆம்பளதானா?”

வலி எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லண்ணே. டாக்டர்கிட்ட இத மனசு விட்டுப் பேசுங்க. வெளியில இருக்குற அக்காவையும் கூப்பிடட்டா?”

“வேணாம்லா மிஸ்ஸி. தன்னாலதான் இப்படின்னு நெனச்சு அழுவா.”

டாக்டரிடம் பேச மட்டும் ஒப்புக்கொண்டார். பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல, வா போலாம்.”

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.