‘ப்ளீஸ் டிஸ்கஸ்’ என்றொரு சண்டைக்காரர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டைப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போய், நானே அடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதற வேண்டாம். கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அடிபட்டது வேறு இடத்தில்.

மயூர் விஹாரில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் ரெஹானா இருக்கிறாள். நாகூர்ப் பெண். நொய்டாவில் சாஃப்ட்வேர் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, மீதி இரண்டு நாள் அதே கம்ப்யூட்டரில் சண்டை போடுவாள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, யாராவது ஒருவர் விழும்வரை அடித்துக்கொள்கிற வீடியோ கேம். டெல்லியில் அதை ஆடுகிற தமிழர்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். ரெஹானாதான் அட்மின்.

“ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். எங்க போட்டிக்கு ஜட்ஜா வரணும்.”

“எனக்கு அந்த கேம் ஆடவே தெரியாதேம்மா.”

“ஆட வேணாம். குத்தம் கண்டுபிடிச்சா போதும். பத்திரிகைக் காலம்ல வாரா வாரம் அதானே பண்றீங்க?”

பாராட்டா, கிண்டலா? யோசிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்த கேமில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு ‘மூவ்செட்’ உண்டு. எப்படிக் குத்துவார், எப்படித் தடுப்பார், கடைசி அஸ்திரம் என்ன என்கிற பட்டியல். ரசிகர்கள் தாங்களே ஒரு புது வீரரைக் கற்பனை செய்து, அவருக்கு மூவ்செட் எழுதி அனுப்ப வேண்டும். இந்த முறை தலைப்பு, ‘டெல்லியில் பார்த்த மனிதர்’. கூடவே ஒரு நிபந்தனை: வீரருக்கு ஒரு பலவீனமாவது இருக்க வேண்டும்.

கேமைத் தயாரிக்கும் கம்பெனி எந்த நாட்டிலோ இருக்கிறது. இப்படி ஒரு போட்டி நடப்பதே அதற்குத் தெரியாது. அதாவது, யாரும் கேட்காத ஒன்றுக்கு, யாரும் படிக்கப்போகாத விரிவான அறிக்கை. மத்திய அரசு அமைச்சகத்தில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இது அந்நியமாகவா இருக்கும்?

பெயர் இல்லாமல், நம்பர் மட்டும் போட்டுப் பதினான்கு எண்ட்ரிகள் வந்தன. நடுவர்கள் யார் என்பதும் ரகசியம்.

முதல் எண்ட்ரி, மெட்ரோ ஆன்ட்டி. “தோடா அட்ஜஸ்ட்”, கொஞ்சம் நகருங்கள் என்று சொல்லி, இல்லாத இடத்தில் உட்காருவார். எதிராளி நகர்ந்து நகர்ந்து திரைக்கு வெளியே விழுந்துவிடுவார். எனக்குப் பிடித்திருந்தது. பலவீனம் என்ற இடத்தில், ‘இளகிய மனசு’ என்று போட்டிருந்தது.

அடுத்தது ஆட்டோக்காரர். எதிராளி எந்தப் பக்கம் போக நினைத்தாலும், “உதர் நஹீ ஜாயேகா”, அந்தப் பக்கம் வராது என்று மறிப்பார். பலவீனம் — கடின உழைப்பால் சோர்வு.

இன்னொருவர் தன்னையே எழுதி அனுப்பியிருந்தார் என்று நினைக்கிறேன். ‘டெல்லித் தமிழன்’. சிலம்பம் தெரியும், ஏழு மொழி தெரியும், அடிபட்டால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சாம்பார் பொடியை மோந்து பார்த்து எழுந்துவிடுவார். பலவீனம் — எதிரிகளை உடனே மன்னித்துவிடுவார்.

கவனித்தீர்களா? ஒரு மனிதரைப் படைக்கச் சொன்னால் கடவுளைப் படைக்கிறோம். குறை சொல்லச் சொன்னால்... வேலைக்கான இன்டர்வியூவில் சொல்கிற பதிலைச் சொல்கிறோம்.

இதையெல்லாம் ஒவ்வொரு எண்ட்ரிக்கும் கீழே விளக்கமாக எழுதினேன். ‘பாரா மூன்றையும் ஏழையும் சேர்க்கவும்.’ ‘இங்கே காற்புள்ளி தேவையா?’ ‘உதைக்கு இவ்வளவு முன்னுரை எதற்கு?’

ரெஹானா போன் செய்தாள். “ஆன்ட்டி, எண்ட்ரி ரெண்டு பக்கம். உங்க கமென்ட் மூணு பக்கம்.”

“கேட்டதைத்தானே செஞ்சேன்?” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பிறகு வந்தது பதினொன்றாம் நம்பர்.

வீரரின் பெயர், ‘ப்ளீஸ் டிஸ்கஸ்’. அரசாங்க ஃபைல் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலதிகாரிக்கு முடிவெடுக்க மனம் வராதபோது ஓரத்தில் எழுதி, ஃபைலைக் கீழே அனுப்பிவிடும் இரண்டு வார்த்தைகள்.

இந்த வீரர் குத்தமாட்டார், உதைக்கமாட்டார். நாற்காலியை விட்டு எழவே மாட்டார். எதிராளி விடும் குத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பிழையை வட்டமிட்டு, இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பி அனுப்புவார். ஸ்பெஷல் மூவ், ‘மீண்டும் சமர்ப்பிக்கவும்’. எதிராளி ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுவார். காயமே இருக்காது. ஆனால், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் முடிந்ததும் ‘ப்ளீஸ் டிஸ்கஸ்’ ஜெயித்ததாக அறிவிப்பு வரும்.

பலவீனம் — யாராவது “நீங்களே ஒண்ணு எழுதிக் காட்டுங்க” என்றால், நான்கு விநாடி உறைந்துபோய் நிற்பார்.

சிரித்துச் சிரித்து டீ புடவையில் சிந்திவிட்டது. எங்கள் ஜாயின்ட் செக்ரெட்டரி. அச்சு அசல் அவரேதான். எழுதியவர் எங்கள் ஆபீஸ் கட்டடத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

ரெஹானாவும் நானும் போக மூன்றாவது நடுவர் அருண், குர்கானில் பேங்க் வேலை பார்ப்பவர், போனில் ஆட்சேபித்தார். “வெறும் டிஃபென்ஸ்தான் மேடம் இருக்கு. இவர்கூட ஆடினா எதிராளி போரடிச்சே செத்துருவான்.”

“அதானே பாயின்ட்” என்றேன். முக்கால் மணி நேரம் வாதாடி முதல் பரிசு வாங்கிக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது. ஒரு மார்க்கை மட்டும் குறைத்து, ‘பலவீனம் நம்பும்படி இல்லை. எழுதத் தெரியாமலா ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார்?’ என்று குறிப்பும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சொசைட்டி ஹாலில் பரிசளிப்பு. ரெஹானா மைக்கில் பதினொன்றாம் நம்பரை அழைத்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நடுவர் மேஜையில் என்னைப் பார்த்ததும், மறுபடி உட்கார்ந்துவிடலாமா என்று பாதி எழுந்த நிலையிலேயே நின்றார்.

லாரன்ஸ். தூத்துக்குடிக்காரர். என் செக்ஷனில், நான்கு வருஷமாக எனக்குக் கீழே வேலை பார்க்கிற அசிஸ்டென்ட். ஆபீஸில் அவர் குரலை நான் மொத்தமாகப் பத்து நிமிடம் கேட்டிருப்பேனா?

சமோசா தட்டோடு நானே அவரிடம் போனேன்.

“நீங்களா லாரன்ஸ்? பிரமாதம். நம்ம ஜே.எஸ். சாரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க. அந்தக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கறது இருக்கே...”

லாரன்ஸ் சட்னியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஜே.எஸ். சார் கண்ணாடி போட மாட்டாரு மேடம்.”

வாஸ்தவம். அவர் போட மாட்டார்.

என் மூக்கின் நுனியிலிருந்த கண்ணாடியை மெல்ல மேலே தள்ளிக்கொண்டேன்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஜட்ஜ் யாருன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பிருக்க மாட்டேன்.”

“நான் எழுத மாட்டேன்னு எப்படி சொல்றீங்க? வாரா வாரம் காலம் எழுதறேனே.”

“காலம் எழுதுதீங்க மேடம். ஆபீஸ்ல நீங்களா எழுதி ஒரு டிராஃப்ட் நான் பாத்ததில்ல. நாலு வருசத்துல.”

மரியாதையாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அதை அவசரமாக இருமலாக மாற்றப் பார்த்தார். அன்று சாயங்காலம்வரை மனசுக்குள் லாரன்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இவருக்கு ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுத்தது யார்?

திங்கட்கிழமை அவருடைய ஃபைலை எடுத்தேன். காதுக் கருவி கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு எங்களிடம் எட்டுப் பக்க ஃபாரம் இருக்கிறது. லாரன்ஸ் அதை இரண்டு பக்கமாகச் சுருக்கியிருந்தார். நான் ஆறு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். நான்காவது தடவை ‘கைண்ட்லி’யை அடித்து ‘ப்ளீஸ்’ என்று போட்டிருக்கிறேன். ஐந்தாவது தடவை ‘ப்ளீஸை’ அடித்து ‘கைண்ட்லி’. இரண்டும் என் கையெழுத்துதான்.

இதற்கிடையே, எட்டுப் பக்க ஃபாரம் அமலில் இருந்துகொண்டே இருந்தது. காது கேட்காத ஒருவர் கவுன்டரில் நிற்க, உள்ளேயிருந்து கிளார்க் ஒவ்வொரு கேள்வியாகக் கத்திக்கொண்டிருக்க... கொஞ்சம் கற்பனை செய்துபாருங்கள். நான் அதுவரை செய்திருக்கவில்லை.

லாரன்ஸைக் கூப்பிட்டேன். “உக்காருங்க. மேல அனுப்பற நோட்டை இன்னிக்கு நான் எழுதறேன். நீங்க பாருங்க.”

கம்ப்யூட்டரைத் திறந்தேன். உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நான்கு விநாடி இல்லை, நான்கு நிமிடம். ஒரு பக்க நோட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. லாரன்ஸ் மூன்று இடத்தில் திருத்தினார். இரண்டு சரி. மூன்றாவது தப்பு என்பது என் அபிப்பிராயம். ஆனாலும், அவர் சொன்னபடியே விட்டேன்.

ஜே.எஸ்.ஸிடமிருந்து மூன்றாம் நாள் ஃபைல் திரும்பி வந்தது. ஓரத்தில் அதே இரண்டு வார்த்தை.

வழக்கமாக இதை நான் லாரன்ஸுக்குத் தள்ளிவிடுவேன். அவரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார். இந்தத் தடவை அவரையும் அழைத்துக்கொண்டு மேலே போனேன்.

“சார், டிஸ்கஸ் பண்ண வந்திருக்கோம்.”

ஜே.எஸ். திகைத்துவிட்டார். அவருடைய சர்வீஸில், அந்த வார்த்தையை நம்பி ஒருவரும் நேரில் வந்ததில்லை போலிருக்கிறது. ஃபைலைப் புரட்டினார். எதற்காக எழுதினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. லாரன்ஸ் பழைய ஃபாரத்தையும் புது ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கவுன்டரில் என்ன நடக்கிறது என்று நிதானமாக விளக்கினார். ஜே.எஸ். இரண்டு கேள்வி கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

என் இடத்துக்குத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தேன். பெரிய மனுஷியாகிவிட்ட திருப்தி. அப்போது லாரன்ஸ் ஒரு தாளை நீட்டினார். சென்னைக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு விண்ணப்பம்.

“முன்னாடியே எழுதி வெச்சதுதான் மேடம். அந்த ஃபாரம் முடியட்டும்னு இருந்தேன்.”

“இப்பவும் போகணுமா?”

“ஆமா மேடம்.”

யோசிக்கக்கூட இல்லை. இவ்வளவுக்குப் பிறகு, ‘வேண்டாம் மேடம், இருந்துடறேன்’ என்று சொல்வார் என எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். ஒரு வாரம் ஒழுங்காக நடந்துகொண்டதற்கு நான்கு வருஷத்தைத் தள்ளுபடி செய்யச் சொன்னால் எப்படி?

விண்ணப்பத்தைப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே ஓர் எழுத்துப்பிழை. கை தானாகப் பென்சிலை எடுத்தது.

கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் — பிழை பத்திரமாகச் சென்னைக்குப் போகிறது.