கதவில் மாட்டிய மண்வெட்டிக் காம்பு

செவிலிமேட்டில் அண்ணனும் நானும் சேர்ந்து கட்டிய வீட்டின் வாசல் கதவுக்குக் கடையில் வாங்கிய கைப்பிடி கிடையாது. அப்பாவின் மண்வெட்டிக் காம்புதான் கைப்பிடி. மண்ணில் தேய்ந்து தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிப்போன தகட்டில் கதவு எண்ணை எழுதி, பக்கத்துச் சுவரில் அடித்து வைத்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் தாராளமாகத் திரும்பிப் போகலாம். வேறு வாசல் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சாமான் செய்கிற ஆசாரியிடம்தான் காம்பைக் கொண்டுபோனேன். வாங்கின கையோடு உப்புத்தாளை எடுத்தார். நான் பிடுங்காத குறை. காம்பின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அப்பாவின் கை பிடித்துப் பிடித்து விழுந்த பள்ளம். அதைத்தான் தேய்க்கப் போனார். அதில் விரலை ஓட்டிப் பார்த்தவர், "பட்டு நூல இழுத்தா கூட சிக்காதும்மா. இத நான் இன்னா தேய்க்கறது?" என்று தாளைக் கீழே வைத்துவிட்டார்.

வம்பு அண்ணனிடமிருந்து வந்தது. அவன் மாடியில் இருக்கிறான், நான் கீழே. ஐயம்பேட்டையில் அப்பா கூலிக்குப் போன நிலத்துக்காரரின் மகன், தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவனுக்குப் போன் செய்திருந்தார். அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்தான். உள்ளே பளபளவென்று பித்தளைக் கைப்பிடி.

"ஒரே ஒரு நாளு அத கழட்டி வையேன்மா. அவங்க நம்ம ஊட்டுக்கு வர்றதே பெருசு. வந்ததும் மம்மட்டியவா காட்டணும்?"

"ஸ்க்ரூ டிரைவர எடுத்தீனா கதவோட சேர்த்து என்னயும் கழட்டணும்."

"ஊரே மறந்துட்சி. நீதான் ஞாபகப்படுத்திக்கினு இருக்கிற."

ஊர் மறக்கும். அதற்கு என்ன நஷ்டம்? ஆயுத பூஜை அன்று அப்பா மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவி நிலத்துக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த நிலத்தில் உழைத்த கருவியெல்லாம் அவர்கள் கூடத்தில்தான் பூஜையில் இருக்க வேண்டும். மணை போட்டு உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி படைப்பார்கள். மண்வெட்டிக்குக் கூடம், அதைப் பிடித்த கைக்கு வாசல். மறுநாளும் அதே வாசலில் நின்றுதான் அப்பா அதைத் திரும்ப வாங்குவார், துண்டில் கொஞ்சம் பொரியோடு. அந்தப் பொரியைச் சண்டை போட்டுத் தின்றவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் புழுதிக்காகக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றதும் அண்ணன் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தான். பத்திரிகைத் தட்டோடு படியேறியவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும்.

"டீச்சர், சூப்பரா இருக்குதே! இந்த மாதிரி ஹேண்டில் எங்க வாங்கினீங்க?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற அண்ணன், வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவைவிட அவன் பாவமில்லை.

"வாங்கல சார். எங்கப்பா மம்மட்டி காம்பு இது. வருசா வருசம் உங்க கூடத்துல உக்காந்துட்டு வந்துது. எங்கப்பாதான் வாசலோட நின்னுட்டாரு."

அவர் கையை எடுத்துவிட்டார். தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவருக்காகக் கதவைத் திறந்துவிட அண்ணன் அவசரமாக முன்னால் வந்தான். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"நீங்களே புடிச்சித் தள்ளுங்க சார்," என்றேன். "தொறக்கும்."